11.5 கம்ப்ரஷன் கணக்குப் போட்டுக் கட்டிய எஞ்சின், கேஜில் 155தான் காட்டுகிறது. ரிங் போய்விட்டதா?

புதுக்கேம்:
வணக்கம். ஆறு மாதமாக ஓய்வு நேரத்தில் கட்டி, போன வாரம் ஓடவிட்ட எஞ்சின் இது. முதல் எஞ்சின் என்பதால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், எது முக்கியம் என்று எனக்கே தெரியவில்லை.

86 மி.மீ. போர், 86 மி.மீ. ஸ்ட்ரோக், 1998 சிசி. நான்கு சிலிண்டர், 16 வால்வு, மேலே இரண்டு கேம், டைமிங் பெல்ட். டர்போ கிடையாது. ஃபோர்ஜ்டு பிஸ்டன், 143 மி.மீ. ராடு, சிலிண்டருக்கு ஒரு திராட்டில். பிளாக் முகத்தில் 0.3, ஹெட்டில் 0.5 மி.மீ. சீவப்பட்டிருக்கிறது. ப்யூரெட்டில் அளந்த கணக்கு: ஹெட் அறை 43.5 சிசி, கேஸ்கெட் 5.9, டெக் இடைவெளி 1.2, பிஸ்டன் மேட்டுக்கு 3 கழித்தால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 47.6. அடியில் இருக்கும் மொத்த இடத்தை இதனால் வகுத்தால் கம்ப்ரஷன் 11.5 வருகிறது. மேல் ரிங் இடைவெளி 0.39 மி.மீ.

கேம் இரண்டும் புதிது. இன்டேக் 1 மி.மீ. தூக்கலில் 256 டிகிரி, முழுதாக எடுத்தால் 296. கேம் கார்டில் லோப் சென்டர் (வால்வு முழு உயரம் தூக்கும் இடம், கிராங்க் டிகிரியில்) இன்டேக் உச்சிக்குப் பின் 106, எக்ஸாஸ்ட் உச்சிக்கு முன் 108. புல்லி இரண்டும் நகர்த்தக்கூடிய வெர்னியர் வகை, இப்போது சுழியத்தில் இருக்கின்றன. கட்டும்போது களிமண் வைத்து வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி பார்த்தேன்: இன்டேக் 3.2, எக்ஸாஸ்ட் 1.7 மி.மீ.

பிரச்சினை: 4500 ஆர்பிஎம்முக்குக் கீழே உயிரே இல்லை. 6500 தாண்டினால் நன்றாக இழுக்கிறது. கம்ப்ரஷன் டெஸ்ட் 155, 153, 156, 154 பிஎஸ்ஐ. இதே எஞ்சின் பழைய கேமோடு, 10 கம்ப்ரஷனில், 185 காட்டியது. இப்போது 200க்கு மேல் வரும் என்று நினைத்திருந்தேன். முழு லோடில் ஈசியூ மேப்பில் இக்னிஷன் பிஸ்டன் உச்சிக்கு 28 டிகிரி முன்னால், லாம்டா 0.88 (1க்குக் கீழே, அதாவது பெட்ரோல் கொஞ்சம் அதிகம்). ஹெடர் (ஹெட்டிலிருந்து வரும் எக்ஸாஸ்ட் குழாய்கள்) வேறு சீக்கிரம் சிவந்துவிடுகிறது, புது ஹெடர் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை இறக்கி ரிங் மாற்றலாம் என்று இருக்கிறேன். வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

ரெட்லைன்:
ரிங் உட்காரவில்லை, அவ்வளவுதான். எனக்கும் இதே கதை நடந்தது. ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்ப்பது) மிக வழுவழுப்பாகப் போய்விட்டது, முதல் நாளே சிந்தெடிக் ஆயில் ஊற்றி மெதுவாக ஓட்டினேன், ரிங் உட்காரவே இல்லை. இறக்கி மறுபடி ஹோன் போட்டுவிடுங்கள்.

லேத்காரர்:
தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூங்கு. எஞ்சினை இறக்காதே.

நான்கு சிலிண்டரும் 3 பிஎஸ்ஐ வித்தியாசத்துக்குள் நிற்கின்றன. ரிங் உட்காராத எஞ்சின் இப்படி ஒழுங்காக வரிசையில் நிற்காது. ஒன்று 120 காட்டும், ஒன்று 160 காட்டும். நான்கும் சொல்லி வைத்ததுபோல் ஒரே அளவு குறைந்திருந்தால் காரணமும் நான்குக்கும் பொதுவானதுதான்.

மூன்று கேள்வி. டெஸ்ட் எடுக்கும்போது நான்கு திராட்டிலும் முழுதாகத் திறந்திருந்தனவா? பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தாயா? லீக்டவுன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று, எடுத்தாயா?

புதுக்கேம்:
திராட்டில் திறந்துதான் எடுத்தேன் அண்ணா. முதல் தடவை மறந்து மூடியே எடுத்தபோது 110 வந்து மாரடைப்பே வந்துவிட்டது. ஆயில் விட்டுப் பார்த்ததில் 155 என்பது 158 ஆனது. லீக்டவுன் இன்று மாலை எடுத்தேன், 100 பிஎஸ்ஐ காற்றுக்கு 6 முதல் 8 சதவீதம். ஆயில் மூடி வழியாக லேசாக சத்தம் வருகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் அமைதி.

லேத்காரர்:
அப்படியென்றால் ரிங்கும் வால்வும் நல்லவர்கள். விட்டுவிடு.

நீ போட்ட 11.5 என்பது பிஸ்டன் அடியிலிருந்து உச்சிவரை போவதாக வைத்துக்கொண்ட கணக்கு. ஆனால் இன்டேக் வால்வு மூடும்வரை அழுத்தம் எதுவும் ஏறாது, மேலே வரும் பிஸ்டன் காற்றைத் திராட்டில் வழியாகத் திருப்பித் துப்பிக்கொண்டிருக்கும். உன் கேம் கார்டுப்படி வால்வு முழுதாக மூடுவது அடிப்புள்ளி தாண்டி 74 டிகிரியில். அந்த நேரத்தில் பிஸ்டன் உச்சிக்கு இன்னும் 61 மி.மீ. கீழே இருக்கிறது. 86இல் 61தான் வேலை செய்கிறது. அந்தக் கணக்கில் கம்ப்ரஷன் 8.4. பெரிய கேம் போட்டவன் ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் 200 எதிர்பார்க்கக் கூடாது. மேல் ஆர்பிஎம்மில் காற்றின் ஓட்டவேகமே சிலிண்டரை நிரப்பிவிடும், அங்கே நீ இழந்தது திரும்பக் கிடைக்கும்.

ஆனாலும் 155 எனக்கு உறுத்துகிறது. உன் அளவுகளுக்கு 175 பக்கம் வந்திருக்க வேண்டும். கேமை டிகிரி வீல் வைத்து அளந்து நிறுத்தினாயா, இல்லை குறியோடு குறி சேர்த்துப் பெல்ட்டைப் போட்டுவிட்டாயா?

புதுக்கேம்:
குறியோடு குறிதான்.

ரெட்லைன்:
அப்போது நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஹெட்டும் பிளாக்கும் சீவியிருக்கிறீர்களே, அதுதான் காரணம். கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே தூரம் குறைந்தால் பெல்ட்டின் இழுக்கும் பக்கம் தளரும். அந்தத் தளர்வை டென்ஷனர் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொள்ளும்போது கேம் பின்னால் போகும். கேம் தாமதமானால் இன்டேக் வால்வு இன்னும் பிந்தி மூடும். கம்ப்ரஷன் குறையும்.

இரவு_டியூனர்:
திசை சரி, அளவு போதாது. கேம் புல்லியில் எத்தனை பல்? பெரும்பாலும் 8 மி.மீ. பிட்ச், 40 பல் என்று வைத்தால் சுற்றளவு 320 மி.மீ. 0.8 மி.மீ. சீவினால் கேம் 0.9 டிகிரி திரும்பும், கிராங்கில் 1.8. இரண்டு டிகிரிக்கு 20 பிஎஸ்ஐ போகாது. டிகிரி வீல் போட்டு அளந்து சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

புதுக்கேம்:
40 பல்தான், சரியாகச் சொன்னீர்கள். டிகிரி வீலை கிராங்கில் மாட்டி, டேம்பர் புல்லியின் (கிராங்க் முனையில் அதிர்வைத் தணிக்கும் புல்லி) குறியைச் சுழியமாக வைத்து, டயல் கேஜை பக்கெட் மேல் நிறுத்தி 1 மி.மீ. தூக்கலில் இரண்டு பக்கமும் எடுத்தேன். இன்டேக் 110, எக்ஸாஸ்ட் 106. அதாவது இன்டேக் 4 டிகிரியும் எக்ஸாஸ்ட் 2 டிகிரியும் தாமதம். சீவியதற்கு 2, மீதி 2 இன்டேக் கேம் அரைத்ததில் வந்த வித்தியாசமாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், மொத்தம் 4தானே? இதற்கா இவ்வளவு?

இரவு_டியூனர்:
நான்கு டிகிரிக்கு இவ்வளவு இருக்காது. உங்கள் முதல் பதிவை மறுபடி படித்தேன். இரண்டு விஷயம் இடிக்கிறது.

ஒன்று, ஹெடர். லாம்டா 0.88இல் ஓடும் எஞ்சினில், 28 டிகிரி இக்னிஷனில், ஹெடர் சீக்கிரம் சிவக்கக் காரணமே இல்லை. இக்னிஷன் பிந்தினால் சிவக்கும், சிலிண்டருக்குள் எரிந்து முடிய வேண்டியது எக்ஸாஸ்டில் எரிந்து முடியும். ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) 28 என்று சொல்வது அதன் நம்பிக்கை மட்டும்தான்.

இரண்டு, உங்கள் களிமண். இன்டேக் பக்கம் 3.2 தாராளம், எக்ஸாஸ்ட் பக்கம் 1.7 நெருக்கம். இரண்டு கேமும் சேர்ந்து தாமதமானால் இப்படித்தான் ஒரு பக்கம் விரியும், ஒரு பக்கம் நெருங்கும்.

கேமும் பிந்துகிறது, இக்னிஷனும் பிந்துகிறது. இந்த இரண்டுக்கும் பொதுவாக உங்கள் எஞ்சினில் இருப்பது டேம்பர் புல்லியில் உள்ள அந்த ஒரே குறி. பெல்ட் போட்டதும் அதை வைத்து, டைமிங் லைட் அடித்ததும் அதை வைத்து, இப்போது டிகிரி வீலைச் சுழியமாக்கியதும் அதை வைத்து. அந்தக் குறியே பொய் சொன்னால் நீங்கள் என்ன அளந்தாலும் அதே பொய்தான் திரும்ப வரும்.

டேம்பர் புதிதா, பழையதா?

புதுக்கேம்:
பழைய எஞ்சினில் இருந்ததுதான். சுத்தம் செய்து பெயின்ட் அடித்தேன்.

லேத்காரர்:
பெயின்ட்! சரி. அந்தப் புல்லி இரண்டு துண்டு தம்பி, உள்ளே ஹப், வெளியே கனமான வளையம், நடுவே ரப்பர். வயசாகி ஆயில் பட்டு ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். குறி இருப்பது வெளிவளையத்தில்.

பிஸ்டன் ஸ்டாப் செய்து போடு. பழைய பிளக்கின் உள்ளே உள்ளதைத் தட்டி எடுத்துவிட்டு, முனை உருண்ட ஒரு போல்ட்டை அதில் நிறுத்து, போதும். எல்லா பிளக்கும் கழற்றி, ஸ்பானரால் கையாலேயே மெதுவாகச் சுற்று. ஸ்டார்ட்டரைத் தொட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். இந்தப் பக்கம் பிஸ்டன் முட்டும் இடத்தில் டிகிரி படி, எதிர்ப்பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் படி. உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டனின் உச்சிப்புள்ளி, இரண்டுக்கும் நடுவே.

புதுக்கேம்:
ஒரு பக்கம் 37, மறுபக்கம் 27. குறி சரியாக இருந்தால் இரண்டும் 32 காட்டியிருக்க வேண்டும். மூன்று தடவை செய்தேன், மாறவில்லை. குறி சுழியத்தில் நிற்கும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டி 5 டிகிரி போய்விட்டிருக்கிறது. புல்லியைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன், ஒரு இடத்தில் ரப்பர் நாக்கைத் துருத்திக்கொண்டு வெளியே நிற்கிறது. நான் அதன்மேலும் பெயின்ட் அடித்திருக்கிறேன்.

ஆக உண்மையில் இன்டேக் 115, எக்ஸாஸ்ட் 101. ஒன்று 9 டிகிரி தாமதம், இன்னொன்று 7.

இரவு_டியூனர்:
இப்போது கணக்கு உட்காருகிறது. இன்டேக் 74க்குப் பதில் 83இல் மூடியிருக்கிறது, 8.4 வர வேண்டிய இடத்தில் 7.7 கம்ப்ரஷன். இக்னிஷனும் 28 என்று நீங்கள் நினைத்தபோது 23தான்.

புது டேம்பர் போட்டு, டிடிசியை மறுபடி பிஸ்டன் ஸ்டாப்பில் உறுதி செய்து, கேமைச் சரிசெய்யுங்கள். பெல்ட்டில் ஒரு பல் தாண்டினால் கிராங்கில் 18 டிகிரி, அது நமக்கு உதவாது, வெர்னியரில்தான் செய்ய வேண்டும்.

ஒன்று மட்டும் கவனமாகக் கேளுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் இக்னிஷன் மேப்பில் நடு லோடிலிருந்து மேலே எல்லா இடத்திலும் 6 டிகிரி குறைத்துவிடுங்கள். ஈசியூவில் டிடிசி சரியானதும் அதே 28 இனி உண்மையான 28 ஆகிவிடும், நீங்கள் இதுவரை ஓட்டியதைவிட 5 அதிகம். கூடவே சிலிண்டர் அழுத்தமும் ஏறியிருக்கும். இரண்டும் சேர்ந்து நாக் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வந்தால் முதல் முழு இழுப்பிலேயே பிஸ்டன் விளிம்பு போகும்.

புதுக்கேம்:
புது டேம்பர் வந்தது, டிடிசி பார்த்தேன், குறி சரியாக நிற்கிறது. வெர்னியரில் இன்டேக்கை 9 முன்னால் தள்ளி, நல்லவேளையாக ஸ்டார்ட் செய்யாமல் இடைவெளி பார்த்தேன். இன்டேக் வால்வு 0.9 மி.மீ.தான்! கேமைச் சரிசெய்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும் போலிருக்கிறதே. வால்வு பள்ளத்தை ஆழமாக்க வேண்டுமா?

லேத்காரர்:
வெர்னியர் புல்லியில் உள்ள கோடு கேம் டிகிரி. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. நீ 18 தள்ளியிருக்கிறாய். கையை எடு, டீ குடி, 4.5இல் வை. எக்ஸாஸ்ட் 3.5. எல்லோரும் ஒரு தடவை செய்கிற தப்புதான் இது, நான் செய்தபோது எட்டு வால்வு வளைந்தது.

புல்லி கோட்டை நம்பி இறுக்கிவிடாதே, டிகிரி வீலில் 106, 108 வந்தபிறகு இறுக்கு. இறுக்கினபிறகும் ஒரு தடவை பார், இறுக்கும்போதே ஒரு டிகிரி நகரும்.

புதுக்கேம்:
106.5, 108. இடைவெளி இன்டேக் 2.1, எக்ஸாஸ்ட் 2.6. இது போதுமா?

லேத்காரர்:
தாராளம். இன்டேக் 1.5, எக்ஸாஸ்ட் 2இல் இருந்து நான் கவலைப்பட ஆரம்பிப்பேன். எக்ஸாஸ்டுக்கு ஏன் அதிகம் என்றால் அந்த வால்வு சூட்டில் நீளும், மேலும் அதைப் பிஸ்டன் துரத்திக்கொண்டு வருகிறது. 8000இல் ஸ்ப்ரிங் கொஞ்சம் தள்ளாடினாலும் பிஸ்டன் எட்டிப் பிடித்துவிடும். நீ இதுவரை ஓட்டியது 1.7இல்.

புதுக்கேம்:
அதைப் படித்ததும் வயிறு கலங்கியது.

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். கம்ப்ரஷன் 176, 174, 176, 175. மேப்பில் 6 குறைத்து 22இல் ஆரம்பித்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றினோம். 26க்கு மேல் டார்க் ஏறவில்லை, நாக் சத்தமும் வரவில்லை, அங்கேயே நிறுத்திவிட்டோம். டைனோவில் 4000இல் 165 நியூட்டன் மீட்டராக இருந்தது 184. உச்ச பவர் 206 ஹெச்பியிலிருந்து 210, ஆனால் 7600க்குப் பதில் 7400இலேயே வந்துவிடுகிறது. ஹெடர் இப்போது சாதாரணமாக இருக்கிறது.

ரெட்லைன்:
அந்த ரிங் யோசனைக்கு மன்னிக்கவும்.

இரவு_டியூனர்:
26இல் நிறுத்தியது நல்லது. டார்க் ஏறாத இடத்தில் மேலும் ஏற்றினால் பேரிங்குக்குத்தான் சுமை. பெல்ட் சூடாகி ஓடியிருக்கும், ஆறியதும் டென்ஷனையும் லோப் சென்டரையும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

லேத்காரர்:
புது டேம்பரில் ஹப், ரப்பர், வளையம் மூன்றுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போடு தம்பி. கோடு உடைந்தால் வளையம் நகர்ந்துவிட்டது. பெயின்ட் அடிக்காதே.

புதுக்கேம்:
கோடு போட்டாயிற்று அண்ணா. பெயின்ட் டப்பாவை ஒளித்து வைத்துவிட்டேன்.