பயணத்துக்கு இரண்டாவது திரை: கேபிள் செருகியும் படம் வரவில்லை, எதைப் பார்த்து வாங்குவது?

ஈசூன் கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தணிக்கை வேலை பார்க்கிறேன். மாதத்தில் பாதி நாள் மலேசியாவின் ஜோகூரில் வாடிக்கையாளர்களின் தொழிற்சாலைகளில்தான் போகும். அவ்வப்போது சென்னை அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கும். ஒரு பக்கம் எக்செல், இன்னொரு பக்கம் இன்வாய்ஸ் பிடிஎஃப். 14 அங்குல லேப்டாப்பில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் கண்ணும் போகிறது, நேரமும் போகிறது. அதனால் பையில் வைத்துக் கொண்டுபோகும் இரண்டாவது திரை ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். பட்ஜெட் 250 முதல் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்கலாம் என்று கூட வேலை செய்பவரிடம் அவருடைய 15.6 அங்குலத் திரையை இரவல் வாங்கினேன். என் லேப்டாப்பின் வலது பக்க யூஎஸ்பி-சி துளையில் செருகினால் நிறுவனத்தின் லோகோ மட்டும் வருகிறது, பிறகு 'சிக்னல் இல்லை' என்று காட்டி அணைந்துவிடுகிறது. எச்டிஎம்ஐ கேபிளில் போட்டால் லோகோ கூட வரவில்லை, முழு இருட்டு. அவருடைய லேப்டாப்பில் இதே திரை நன்றாகவே வேலை செய்கிறது. கோளாறு என் லேப்டாப்பிலா? புதுத் திரை வாங்கினாலும் இப்படித்தான் ஆகுமா? அலுவலக லேப்டாப் என்பதால் எனக்கு மென்பொருள் எதையும் நிறுவ அனுமதி கிடையாது.

சிராங்கூன் சர்வீஸ்:

தங்கச்சி, கவலைப்படாதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டும் இரண்டு வேறு விஷயங்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு.

எச்டிஎம்ஐ படத்தைக் கொண்டுபோகும், திரையை எரியவைக்கும் அளவுக்கு மின்சாரம் கொண்டுபோகாது. அதில் வரும் 5 வோல்ட் மின்சாரம் பெயருக்குத்தான். இந்தத் திரைகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே பேட்டரி கிடையாது. எச்டிஎம்ஐ போட்டால் கூடவே ஒரு யூஎஸ்பி-சி கேபிளைச் சார்ஜரிலிருந்து திரைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துப் பாருங்கள், படம் வந்துவிடும்.

யூஎஸ்பி-சி விஷயம் வேறு. லோகோ வருகிறது என்றால் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது, படம்தான் சேரவில்லை. ஒன்று துளையில் குறை, இல்லை கேபிளில் குறை. யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். அதற்குள் படம் அனுப்பும் வசதியை லேப்டாப் நிறுவனம் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் விட்டிருக்கலாம். டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்று அதற்குப் பெயர். துளைக்குப் பக்கத்தில் என்ன சின்னம் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அம்பு நுனியோடு மின்னல் இருந்தால் தண்டர்போல்ட் என்ற அதிவேகத் துளை, படம் வரும். டி எழுத்துக்குள் பி இருப்பதுபோல ஒரு சின்னம் இருந்தாலும் வரும். எஸ்எஸ் என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் தரவு மட்டுமே. சின்னமே இல்லாத லேப்டாப்களும் உண்டு, அப்போது மாடல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் தளத்தில் விவரக்குறிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் கேபிள். எந்தக் கேபிளைப் போட்டீர்கள்?

ஈசூன் கணக்கு:

நன்றி அண்ணா. வலது பக்கம் எஸ்எஸ் என்றுதான் இருக்கிறது. இடது பக்கம் அம்பு போட்ட மின்னல். இடதில் எப்போதும் சார்ஜர் இருக்கும் என்பதால் வலதில் போட்டேன். கேபிள் என் கைப்பேசியோடு வந்தது.

சிராங்கூன் சர்வீஸ்:

அப்படியென்றால் இரண்டு தடை சேர்ந்து நின்றிருக்கிறது. கைப்பேசியோடு வரும் கேபிள்கள் அநேகமாக யூஎஸ்பி 2.0 ரகம். சார்ஜ் ஏறும், கோப்புகள் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். படம் போவதற்கு வேண்டிய அதிவேக இணைகள் அந்தக் கேபிளுக்குள் இருக்கவே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ரகமும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால்தான் இவ்வளவு பேர் இதில் மாட்டுகிறார்கள். அலுவலக மேசையில் டாக் (லேப்டாப்பைப் பெரிய திரை, விசைப்பலகையோடு சேர்க்கும் பெட்டி) இருந்தால் அதன் கேபிளைக் கழற்றி இடது துளையில் போட்டுப் பாருங்கள். புதிதாக வாங்கினால் தரவு வேகம் 10 ஜிபிபிஎஸ் அல்லது 40 ஜிபிபிஎஸ் என்று அச்சிட்டது, ஒரு மீட்டருக்கு மேல் போகாதது.

படம் வந்த பிறகு திரை விட்டுவிட்டு அணைந்து எரிந்தால் அது மின்சாரம் பற்றாத அறிகுறி. வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் திரைக்குத் தனிச் சார்ஜர் கொடுங்கள்.

ஈசூன் கணக்கு:

வந்துவிட்டது! டாக் கேபிள், இடது துளை, செருகியவுடன் படம். எச்டிஎம்ஐயும் தனி மின்சாரம் கொடுத்தவுடன் வருகிறது. ஆனால் இப்போது இடது துளையைத் திரை எடுத்துக்கொண்டது. வலது துளை சார்ஜ் ஏற்காது. ஒரு நாள் முழுக்கத் தொழிற்சாலையில் உட்கார வேண்டும், லேப்டாப்புக்கு எப்படிச் சார்ஜ் போடுவது?

சிராங்கூன் சர்வீஸ்:

திரையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடமே இதுதான். பலரும் அங்குலத்தையும் விலையையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டு யூஎஸ்பி-சி துளை உள்ள திரை. சார்ஜரைத் திரையில் ஒரு துளையில் போடுவீர்கள், இன்னொரு துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரே கேபிள் போகும். அந்தக் கேபிளில் படம் இந்தப் பக்கம் வரும், சார்ஜ் அந்தப் பக்கம் போகும். பாஸ்-த்ரூ சார்ஜிங் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். திரை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் லேப்டாப்புக்கு அனுப்பும். உங்கள் சார்ஜர் 65 வாட் என்றால் லேப்டாப்புக்கு 50 வாட் சொச்சம் கிடைத்தாலே எக்செல் வேலைக்குத் தாராளம். எத்தனை வாட் வரை அனுப்பும் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இரண்டு துளை இருந்தும் ஒன்று திரைக்கு மட்டும் மின்சாரம் வாங்கும், லேப்டாப்புக்கு அனுப்பாது என்ற மாடல்களும் விற்கின்றன.

சார்ஜரைச் செருகும்போதும் எடுக்கும்போதும் படம் ஒரு நொடி அணைந்து திரும்ப வரலாம். யார் யாருக்கு மின்சாரம் கொடுப்பது என்று இரு பக்கமும் மறுபடி பேசி முடிக்கும் நேரம் அது. கோளாறு இல்லை.

சார்ஜர் இல்லாமல் திரையை ஓட்டினால் லேப்டாப் பேட்டரிதான் அதையும் சுமக்கும், சீக்கிரமே இறங்கும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா:

நானும் பாலம் தாண்டிப் போய்வருகிறவள்தான் மா, ஆகவே அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 15.6 அங்குலத்துக்கு ஆசைப்படுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 16:9 (அகலத்துக்கு உயரம்) விகிதத்தில் 15.6 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 19.4 செ.மீ. 16:10 விகிதத்தில் 14 அங்குலத் திரையின் உயரம் 18.8 செ.மீ. வித்தியாசம் விரல் அகலம் கூட இல்லை. ஆனால் அகலத்தில் 4 செ.மீ. மிச்சம். கணக்கு வேலைக்கு உயரம்தான் முக்கியம், வரிசைகள் அதிகம் தெரியும். 1920க்கு 1200 என்று போட்டிருந்தால் அதுதான் 16:10. 16:9 திரையின் 1080க்கு மேல் 120 புள்ளி உயரம் கூடுதல்.

என்னிடம் இருப்பது லெனோவோவின் திங்க்விஷன் எம்14. அது 16:9தான், எடை 600 கிராமை ஒட்டி. இரு பக்கமும் யூஎஸ்பி-சி இருப்பதால் திரையை லேப்டாப்புக்கு எந்தப் பக்கம் வைத்தாலும் கேபிள் குறுக்கே வராது. காலும் திரையோடு சேர்ந்தே மடங்குகிறது. எச்டிஎம்ஐ கிடையாது, அது ஒன்றுதான் குறை.

எடை பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரத்தில் போடும் எடை பல நேரம் திரைக்கு மட்டும்தான். மடித்து நிறுத்தும் காந்த உறை தனி எடை, கேபிள் தனி எடை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் கைப்பை 7 கிலோ, இண்டிகோவிலும் 7 கிலோ. எடையைக் கணக்குப் பார்த்துத்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் காந்த உறைகள் வழுவழுப்பான மேசையில் சறுக்கி விழும் என்பதும் எனக்குப் பிடிக்காத விஷயம். பின்னால் உலோகக் கால் உள்ளதைத்தான் நான் சொல்வேன்.

தெம்பனிஸ் வாசகன்:

வீட்டில் ஐபேட் இருந்தால் தனியாகத் திரை எதற்கு? ஐபேடையே இரண்டாவது திரையாக்கும் சைட்கார் போதுமே.

சிராங்கூன் சர்வீஸ்:

சைட்கார் மேக்கில் மட்டும்தான் வரும் தம்பி, அதுவும் இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும். இவருடையது அலுவலக விண்டோஸ். சாம்சங் டேப் சிலவற்றில் செகண்ட் ஸ்கிரீன் என்ற வசதி உண்டு, விண்டோஸின் கம்பியில்லாத் திரை வழியாக மென்பொருள் எதுவும் இல்லாமலே சேரும். ஆனால் அலுவலகம் அதைப் பூட்டி வைத்திருந்தால் சேராது. எண்களை வரிசையாகச் சரிபார்க்கும் வேலைக்குக் கம்பிதான் நம்பகமானது என்பது என் கருத்து.

பொங்கோல் எம்1:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் எம்1 மேக்புக் ஏர். இரண்டு வெளித்திரை வைக்க முடியுமா?

சிராங்கூன் சர்வீஸ்:

எம்1, எம்2 ஏர் இரண்டும் ஒரு வெளித்திரையைத்தான் தாங்கும். எம்3 ஏரில் மூடியை மூடினால் இரண்டு, எம்4 ஏரில் திறந்திருந்தாலே இரண்டு. உங்களுக்கு இரண்டு வேண்டுமென்றால் மென்பொருள் வழியாக யூஎஸ்பியில் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டர்தான் வழி. அதற்கு மென்பொருள் நிறுவ வேண்டும், மேக்கில் திரைப்பதிவு அனுமதியும் கேட்கும். பழைய யூஎஸ்பி-ஏ துளையில் வேலை செய்யும் என்று விற்கும் திரைகளும் இதே ரகம்தான். ஈசூன் தங்கச்சிக்கு அது ஆகாது, நிறுவ அனுமதி இல்லையே.

ஈசூன் கணக்கு:

புரிந்தது. இன்னும் மூன்று சந்தேகம். ஜோகூரில் வாங்கினால் மலிவு என்கிறார்கள், வாங்கலாமா? விமானத்தில் பவர் பேங்க்கில் போட்டுத் திரையை ஓட்டலாமா? 4கே தேவையா?

உட்லண்ட்ஸ் அக்கா:

மலிவு என்று நினைப்பதற்கு முன் வரியைக் கூட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது இங்கே 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தால் 100 வெள்ளி வரைதான் விலக்கு, அதற்கு மேல் இருந்தால் 500 வெள்ளி. அதுவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சுற்றுப்பயணிகளுக்கும்தான். வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கே கிடையாது. நம் ஆட்கள் நிறையப் பேருக்கு இது தெரியாமல் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டி வருகிறது.

பவர் பேங்க் விஷயத்தில், 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் பயணத்தின்போது அதைப் பயன்படுத்தக் கூடாது. பையில் கொண்டுபோகலாம், அதுவும் கைப்பையில்தான்.

மின்செருகிக்கு மலேசியாவில் எதுவும் வேண்டாம், நம்முடைய அதே மூன்று சதுரக் கால்தான். சென்னைக்கு மட்டும் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிராங்கூன் சர்வீஸ்:

4கே வேண்டாம். 14 அங்குலத்தில் எழுத்தை எப்படியும் பெரிதாக்கித்தான் வைப்பீர்கள், மின்சாரம்தான் கூடுதலாகப் போகும். வெளிச்சம் 300 நிட்ஸ், பளபளக்காத மேற்பரப்பு, அது போதும்.

வாங்கும்போது லேப்டாப்பையும் சார்ஜரையும் கையோடு கொண்டுபோங்கள். சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியோ ஃபுனானோ, உங்கள் லேப்டாப்பில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். செருகிய பின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, சார்ஜரைத் திரையில் போட்டு, லேப்டாப்பில் சார்ஜ் ஏறும் குறி வருகிறதா என்று பாருங்கள். பிறகு முழு வெள்ளைப் பக்கம் ஒன்று, முழுக் கறுப்பு ஒன்று திறந்து, செத்த புள்ளியும் (எரியாத புள்ளி) ஓரத்தில் வெளிச்சக் கசிவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு செத்த புள்ளிகளைப் பல நிறுவனங்கள் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை, அதனால் கடையிலேயே பார்ப்பதுதான் நல்லது.

இங்கே குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. ஆனால் உங்கள் லேப்டாப் துளை படம் அனுப்பாவிட்டால் அது திரையின் குறை ஆகாது, அந்தச் சட்டமும் உதவாது. கடையில் செருகிப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஈசூன் கணக்கு:

சனிக்கிழமை சிம் லிம் போகிறேன். 14 அங்குலம், 16:10, இரண்டு யூஎஸ்பி-சி, பாஸ்-த்ரூ, உலோகக் கால். இதைத்தான் கேட்கப்போகிறேன். பையில் எப்படி வைப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள் அக்கா.

உட்லண்ட்ஸ் அக்கா:

லேப்டாப் வைக்கும் அறையில், திரையின் முகம் லேப்டாப் மூடியைப் பார்த்தபடி, நடுவில் கெட்டியான உறையோடு வையுங்கள். சார்ஜரை அதே அறையில் போடாதீர்கள். சார்ஜரின் மூலை அழுத்திய இடத்தில் நாணயம் அளவுக்கு வெள்ளைப் புள்ளி விழும், அது பிறகு போகாது. திரையை எடுத்து வைக்கும் முன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கேபிள் தலை நேராக நீட்டிக்கொண்டிருந்தால் துளைதான் உடையும். தலை மடங்கிய எல் வடிவக் கேபிள் கிடைத்தால் அதையே வாங்குங்கள், அண்ணன் சொன்ன 10 ஜிபிபிஎஸ் அதிலும் அச்சிட்டிருக்க வேண்டும்.