புதுப்பிப்பு: சம்பா வயலில் தண்ணீர் வடிந்துவிட்டது

கனமழையில் மன்னார்குடிப் பக்கத்து எங்கள் சம்பா நடவு மூழ்கி, மின்சாரமும் நின்றபோது கலங்கி எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது. வடிகாலை அடைத்திருந்த ஆகாயத்தாமரையை அண்டை வயல்காரர்களுடன் சேர்ந்து அகற்றியதும் தண்ணீர் வடிந்தது. குருத்து அழுகவில்லை என்பதைப் பயிரைப் பிடுங்கிப் பார்த்து உறுதிசெய்த பிறகே, யூரியாவுடன் ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்து மேலுரமாக இட்டோம். பதற்றத்தில் நீர் நிற்கும்போதே போட்டிருந்தால் உரம் வாய்க்காலோடு போயிருக்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின், விழுந்த தென்னைகளுக்கு நடுவே, மின்சாரமின்றி வாழ்ந்து மீண்டவர்கள் நாங்கள். அடுத்து செய்ய வேண்டியதை என்னால் முடிவெடுக்க முடியும் என்ற துணிவை அந்த நினைவே இம்முறை அளித்தது. (அம்மா கேட்காமலேயே அரிக்கேன் விளக்கைத் துடைத்து வைத்திருந்தார்.) மின்சாரம் வந்துவிட்டது. பயிர் அழிந்த இடங்களில் நடுவதற்காக, நன்கு தூர்கட்டிய, அதாவது அடியிலிருந்து பல கிளைகள் விட்ட, நெற்குத்துகளைக் கலைத்து எடுத்து வருகிறோம்.