தொங்கும் கல்வர்ட்: சால்மனுக்குச் செய்வது நம் கெலாவுக்கு உதவுமா?

செம்பனைக்காடு, சுங்கை சிப்புட், மலேசியா:
வணக்கம். பிளஸ் ஆற்றில் கலக்கும் சிறு ஓடை ஒன்று, சுமார் 3 மீட்டர் அகலம். எஸ்டேட் லாரிப் பாதை அதைக் கடக்கும் இடத்தில் 90 செ.மீ. விட்டத்தில் கான்கிரீட் கல்வர்ட் (பாதைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய்), நீளம் 8 மீட்டர். வெயில் காலத்தில் குழாய் வாய்க்கும் கீழே உள்ள தண்ணீருக்கும் 35 செ.மீ. இடைவெளி. கீழ்ப்பக்கம் கெலா, தெங்காஸ் என்ற நம் ஆற்று மீன்களின் குஞ்சுகள் உண்டு, மேல்பக்கம் ஒன்றுகூட இல்லை. சால்மன் ஏறுவதற்காக அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இப்படிப்பட்ட குழாய்களை மாற்றுகிறார்களாம். அந்த அளவுகள் இங்கே எடுபடுமா? அடியில் கல்லைக் கொட்டினால் போதாதா?

ஓடைக்கரை:
கொட்டிய கல் அடுத்த பெருமழையில் போய்விடும். குழாய் ஏன் தொங்குகிறது என்று முதலில் பாருங்கள். 3 மீட்டர் ஓடையை 90 சென்டிமீட்டருக்குள் நெருக்கியிருக்கிறார்கள். நெருக்கிய தண்ணீர் மறுபக்கம் பீய்ச்சி அடித்து அடிமண்ணைத் தோண்டுகிறது. ஒவ்வொரு மழைக்கும் பள்ளம் இறங்க, குழாய் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது.

வாஷிங்டன் கணக்கில் வாயில் 24 செ.மீ.க்கு மேல் விழுந்தாலே அது தடை. குழாயின் சரிவு 1 சதவீதத்தை எட்டினாலும் தடைதான். உங்கள் 8 மீட்டருக்கு அது 8 செ.மீ. ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல இரு முனையையும் பிடித்தால் தெரிந்துவிடும். வேகத்துக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை விடுங்கள். ஏழு விநாடிக்குள் மறுபக்கம் வந்துவிட்டால் மேல்மட்ட வேகம் விநாடிக்கு 1.2 மீட்டரை ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம். அங்கே வளர்ந்த டிரவுட் மீனுக்கே, நீளம் குறைந்த கல்வர்ட்டில், 1.2-தான் உச்ச வரம்பு. குஞ்சு மீனால் அதில் ஒரு பங்கைத்தான் எதிர்க்க முடியும். தண்ணீரின் ஆழத்தையும் பாருங்கள். வளர்ந்த டிரவுட்டுக்கு 24 செ.மீ. கேட்கிறார்கள். வழவழப்பான சிமெண்டில் மூன்று விரல்கடைத் தண்ணீர் ஓடினால் மீன் ஏறுவது கஷ்டம்.

மாற்றுவதென்றால், வெள்ளம் கரைதொடும் அகலத்தை 1.2-ஆல் பெருக்கி 60 செ.மீ. கூட்டுங்கள். அந்த அகலம் 3 மீட்டர் என்றால் 4.2 மீட்டர் வரும். இன்றைக்கு ஓடும் தண்ணீரை அளந்துவிடாதீர்கள். கல்வர்ட்டின் பாதிப்பு எட்டாத மேல்பகுதியில், கரையில் வெள்ளக்கோடு தெரியும் ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். அந்த அகலத்துக்குப் பெட்டி கல்வர்ட், அல்லது அடியில்லாத வளைவு. பெட்டி என்றால் உயரத்தில் 30 சதவீதத்தையாவது மண்ணுக்குள் புதைத்து, உள்ளே ஆற்றுக்கல்லைப் பரப்ப வேண்டும்.

பணம் இல்லையா? கீழ்ப்பக்கம் பெரிய கற்களால் மூன்று நான்கு படிகள் கட்டுங்கள், ஒவ்வொன்றும் 15 செ.மீ.க்குள். மேல்படியின் தண்ணீர் குழாய்க்குள் பின்வாங்கி நிற்க வேண்டும். படியின் இரு ஓரத்தையும் கரைக்குள் புதைக்காவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் அறுத்துக்கொண்டு போய்விடும். இப்படிப்பட்ட வேலைகள் கெடுவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான்.

நீர்க்கோல்:
ஓடைக்கரை அண்ணன் சொன்னதில் குழாய் விஷயம் சரி. ஆனால் வழியைத் திறப்பது பாதி வேலைதான். கலிபோர்னியா–ஓரிகன் எல்லையிலுள்ள கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை 2024-இல் எடுத்து முடித்த சில வாரங்களில் சினூக் சால்மன் மேலே ஏறியது. அதே ஆற்றில் 2002 செப்டம்பரில் 30,000-க்கும் மேற்பட்ட சால்மன் செத்து மிதந்தன. அது அணைகளுக்கு வெகு கீழே, வழி திறந்தே கிடந்த பகுதி. தண்ணீர் குறைந்து சூடானது, மீன்கள் நெருங்கி நின்றன, நோய் பரவியது. 2015-இல் கொலம்பியா ஆற்றுப் படுகையில் சுமார் 2,50,000 சாக்கை சால்மன் சூட்டினால் மாண்டன.

அவர்களுடைய வெப்ப வரம்பை இங்கே கொண்டுவராதீர்கள். 20 டிகிரியைத் தாண்டினாலே அங்கே கவலைப்படுவார்கள். நம் ஓடைகள் பிறப்பிலேயே அதற்கு மேல். எடுத்துக்கொள்ள வேண்டியது காரணத்தை: 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 11.3 மி.கி. ஆக்சிஜன் தாங்கும், 28 டிகிரியில் 7.8 மட்டுமே. நம் மீனுக்குக் கையிருப்பு ஆரம்பத்திலேயே குறைவு. அதில் ஆலைக் கழிவும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? ஆக்சிஜனை விடியற்காலையில் அளங்கள், அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். பகல் 11 மணிக்கு எடுத்த எண்ணை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

அடுத்தது சேறு. சால்மன் சரளையைத் தோண்டி முட்டையிட்டு மூடும். பொடி மண் இடுக்கை அடைத்தால் முட்டைக்கு ஆக்சிஜன் போகாது, பொரித்த குஞ்சும் வெளியேற முடியாது. கெலாவின் இனத்துக்கும் ஓடும் நீரும் சுத்தமான சரளையும் வேண்டும். செம்பனை மறுநடவின்போது பாதை வடிகால் நேராக ஓடையில் விழுந்தால் எந்தக் கல்வர்ட் மாற்றியும் பயனில்லை. வடிகாலை ஓடைக்கு முன்பே திருப்பி மண்குழியில் விடுங்கள், குழி நிரம்புவதற்குள் வாருங்கள். ஆற்று ஒதுக்கு நிலத்துக்கு நம் நாட்டில் வழிகாட்டி அளவு உண்டு: 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 வரையுள்ளதற்கு 10 மீட்டர். அந்தப் பட்டையில் உரமும் களைக்கொல்லியும் கூடாது. 5 மீட்டர் நிழலுக்குக் காணாது என்பது என் கருத்து.

பால்மரம்:
பால்மரம் (ரப்பர்) வெட்டிய ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. வாஷிங்டன் பக்கத்து நகர ஓடைகளில் மழை பெய்தவுடன் கோஹோ சால்மன் முட்டையிடாமலே செத்ததற்குக் காரணம் 2020-இல் வெளிவந்தது. டயர் ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்க ஆலையில் சேர்க்கும் 6பிபிடி என்ற ரசாயனம், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குவினோன் ஆகிறது. சாலைத் தூசியோடு ஓடையில் இறங்குகிறது. மரத்துப் பாலில் அது கிடையாது, பழியை அங்கே போட வேண்டாம். கோஹோவைக் கொல்லும் அளவு சம் என்ற இன்னொரு சால்மன் வகையை ஒன்றும் செய்வதில்லை, அவ்வளவு வித்தியாசம். மணல் 60, மட்கு எரு 40 பங்கு கலந்த மண்படுகை வழியாக வடிந்த சாலைத் தண்ணீரில் கோஹோ பிழைத்தது. எஸ்டேட் லாரிப் பாதைக்கு இது தேவைப்படாது. பெரிய சாலைப் பாலத்தடியில் யோசிக்கலாம்.

செம்பனைக்காடு:
நன்றி அண்ணே, நன்றி எல்லோருக்கும். மட்டம் பார்த்தேன், சரிவு 14 செ.மீ. இன்னொன்று: கீழ்ப் பள்ளத்தில் பீக்காக் பாஸ் (வெளிநாட்டிலிருந்து வந்த வேட்டை மீன்) இருப்பதாகத் தூண்டில்காரர்கள் சொல்கிறார்கள்.

ஓடைக்கரை:
அப்படியானால் கை வைக்காதீர்கள் தம்பி. அமெரிக்காவிலேயே சில மலை ஓடைகளில் தடையை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள், வெளியிலிருந்து கொண்டுவந்த புரூக் டிரவுட் ஏறி உள்ளூர் கட்த்ரோட் டிரவுட்டை ஒழித்துவிடக் கூடாதென்று. முதலில் பள்ளத்தில் வலைபோட்டுப் பாருங்கள். மேல்பக்கம் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் நடந்து, தெங்காஸ் வாழச் சரளையும் நிழலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாஸ் இருப்பது உறுதியானால் நீர்க்கோல் சொன்ன மண்குழி வேலையைத் தொடங்குங்கள், குழாய் அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் மாவட்ட வடிகால், நீர்ப்பாசன அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஜூன், ஜூலையில் படி கட்டுங்கள். அக்டோபர் மழைக்கு முன் கல் இறுகி உட்கார்ந்திருக்க வேண்டும். 14 செ.மீ. சரிவுக்கு ஒரு படி கூடுதலாகவே ஆகும்.