யாரும் விதைக்காமல் தோட்டத்தில் முளைத்த செடிகள்: அடையாளம் பிடிபட்ட விதம்

செம்மண் கொட்டி இரண்டு மழை பெய்தால் போதும், விதைக்காத செடி ஏழெட்டு வகை தலைகாட்டிவிடும். பெயரைத் தேடும் முன் எங்கே முளைத்திருக்கிறது என்று பாருங்கள். எரு போட்ட பாத்தியில் சாரணையும் குப்பைக்கீரையும் வரும். துணி காயப்போடும் கொடிக்கு நேர் கீழே, மதில் ஓரத்தில் என்றால் பறவை எச்சம்தான்: கோவை, சுண்டை, மணத்தக்காளி, வேம்பு. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இலையை மட்டும் வைத்து முடிவு கட்டினால் கீழாநெல்லியிலேயே தவறும். அதன் நடுத்தண்டில் இலையே இருக்காது. பக்கக் கிளைகளில்தான் இலைகள் புளிய இலை மாதிரி இரு வரிசையாக நிற்கும். கிளையைத் திருப்பினால் அடியில் கடுகளவு காய்கள் சின்னக் காம்பில் தொங்கும். காய் வழவழப்பாக இருந்தால் கீழாநெல்லி. காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, சொரசொரப்பாக, தண்டும் சிவந்திருந்தால் சிவப்புக் கீழாநெல்லி. நடுத்தண்டிலும் இலை இருந்து, இலை நுனிப்பக்கம் அகன்று ஆப்பு மாதிரி இருந்தால் மேலாநெல்லியாக இருக்கும்.

* * *

மேலே சொன்னதோடு இன்னொன்று: தண்டைக் கிள்ளிப் பாருங்கள். கீழாநெல்லியில் பால் வராது. பால் வந்து, இலைகள் எதிரெதிராக, ரோமத்தோடு, கணுவில் பூக்கள் உருண்டையாகத் திரண்டிருந்தால் அம்மான் பச்சரிசி. பருப்புக்கீரை என்று நினைத்துப் பறிக்கும்போதும் இதே சோதனைதான். பருப்புக்கீரைத் தண்டு சதைப்பற்றாக இருக்கும், உடைத்தால் தெளிந்த நீர் கசியும். தரையோடு படர்ந்து பால் வடிந்தால் அது சித்திரப் பாலாடை வகை, கூடையில் போடாதீர்கள். பால் பட்ட விரலால் கண்ணைத் தொடக்கூடாது, உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

செடியை அடையாளம் காட்டும் போன் செயலிகள் தடுமாறுவதற்குக் காரணம் நாம் கொடுக்கும் படம். மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்தால் அதற்கு இலை மட்டும்தான் தெரியும். ஐந்து படம் எடுங்கள்: முழுச்செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், கணு, பூ அல்லது காய். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு புரியும். அப்படியும் கீழாநெல்லியின் அறிவியல் பெயரை ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்று காட்டும். நம்மூரில் வளர்வது பெரும்பாலும் ‘ஃபில்லாந்தஸ் அமாரஸ்’. பழைய புத்தகங்களின் குழப்பம் அது, செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

* * *

மூக்கிரட்டையும் சாரணையும்தான் அதிகம் மாறிப்போகிற ஜோடி. இரண்டும் தரையில் படரும், இரண்டிலும் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. போதாததற்கு, மருந்துக்கடைகளில் புனர்நவா என்ற பெயர் இரண்டுக்கும் ஓடுகிறது. பூவைப் பாருங்கள். மூக்கிரட்டையில் நீண்ட மெல்லிய காம்பில் குண்டூசித் தலை அளவு இளஞ்சிவப்புப் பூ, காய் விரலில் ஒட்டும், இலையின் அடிப்புறம் வெளுத்திருக்கும். சாரணையின் பூவுக்குக் காம்பே கிடையாது. இலைக்காம்பின் அடிப்பகுதி பை மாதிரி விரிந்து அதற்குள் பூ புதைந்திருக்கும். அந்தப் பையை நகத்தால் பிரித்தால் கறுப்பு விதைகள் கிடைக்கும். இலையும் தடித்துச் சதைப்பற்றாக இருக்கும்.

* * *

கரிசலாங்கண்ணி என்று பலர் பறிப்பது வெட்டுக்காயப் பூண்டை. கரிசலாங்கண்ணி இலையை உள்ளங்கையில் கசக்கிச் சில நிமிடம் விடுங்கள், சாறு கறுத்துவிடும். வெட்டுக்காயப் பூண்டுக்கு ஒரு சாண் உயரக் காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, ஓர இதழ்களின் நுனியில் மூன்று பற்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நர்சரியில் கொடுப்பது சில சமயம் தரை மூட வளர்க்கும் அழகுச்செடி. இலை பளபளப்பாக, இரு பக்கமும் பிதுங்கி மூன்று மடலாக இருந்தால் அது மருந்துக்கு உரியதல்ல.

வல்லாரைக்குக் காம்பு சேரும் இடம் போதும். வல்லாரை இலையில் அடியில் ஒரு வெட்டு இருக்கும், காம்பு அங்கே சேரும். குடைக்கம்பி மாதிரி இலையின் நடுவில் காம்பு நின்றால் தாமரைத் தொட்டியிலிருந்து தப்பி வந்த வேறு செடி.

* * *

மணத்தக்காளி விஷயத்தில் அவசரம் கூடாது. நான்கு இலைப் பருவத்தில் ஊமத்தையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும், கீரையோடு ஒரு கன்று சேர்ந்தால் குழப்பம், மயக்கம் வரை போகும். பூ வரட்டும். சின்ன வெள்ளைப் பூக்கள் நான்கைந்து ஒரே காம்பின் நுனியில் கவிழ்ந்து, நடுவில் மஞ்சளாக நீட்டிக்கொண்டிருந்தால் மணத்தக்காளி. ஊமத்தைக்கு ஒற்றையாக நீண்ட புனல் பூ, முள் காய். காய் காகிதப் பைக்குள் மூடியிருந்தால் சொடக்குத் தக்காளி.

பார்த்தீனியம் என்னும் ஒவ்வாமை தரும் களைச்செடி மட்டும் பூக்கும்வரை காத்திருக்கக் கூடாது. முதலில் காரட் தழை மாதிரி தரையோடு வட்டமாக விரியும், அப்போதே எடுத்துவிட வேண்டும். மாசிப்பத்திரியோ என்று சந்தேகம் வந்தால் இலையைத் திருப்புங்கள். மாசிப்பத்திரிக்கு அடிப்புறம் வெண்பஞ்சு போலிருக்கும், கசக்கினால் நல்ல வாசனை. பார்த்தீனியத்துக்கு இரண்டும் இல்லை. கையுறை போட்டு, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு இழுங்கள். தண்டும் வேரும் சேரும் கழுத்துக்கு மேல் அறுத்தால் திரும்பத் துளிர்க்கும். வெள்ளைப் பூ வந்துவிட்டால் உரக்குழியில் போடாதீர்கள், விதை எருவோடு பாத்திக்கே திரும்பிவிடும்.