டிக்கியில் நைட்ரஸ் பாட்டில், வெளியே மதுரை வெயில்

ஒத்தக்கடை கார்புரேட்டர்:
"நைட்ரஸ் கிட் வாங்குகிறவர்கள் பாட்டில் ஹீட்டரையும் சேர்த்தே வாங்குங்கள், அது இல்லாமல் பிரஷர் நிற்காது" என்று விடெக்59 நேற்று எழுதியிருந்தார். தன்னுடைய 2001 மாடல் ஹோண்டா சிட்டியில் கூடுதலாக 50 குதிரைக்கு வெட் கிட் போடப்போகிறாராம்; எரிய ஆக்சிஜன் தரும் நைட்ரஸையும் கூடவே பெட்ரோலையும் இன்ஜினுக்குள் அடித்து சக்தியைக் கூட்டும் வகை அது. போடட்டும், அவர் கார், அவர் பிஸ்டன். ஆனால் மதுரையில் உட்கார்ந்துகொண்டு பாட்டிலுக்கு ஹீட்டர் வாங்கச் சொல்வதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நைட்ரஸ் ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலை 36.4 டிகிரி. அதைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக நிற்காது. சித்திரைத் திருவிழா சமயத்தில் நம் ஊரில் நிழலே அதைத் தாண்டிவிடும். மாட்டுத்தாவணிப் பக்கம் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே ஹீட்டர் எதற்கு? பாட்டிலில் கறிக்குழம்பு வைக்கவா?

விடெக்59:
அண்ணே, வணக்கம். எழுதியதை முழுசாகப் படித்துவிட்டுத் திட்டியிருக்கலாம். கிட் தயாரிப்பாளர்கள் கேட்பது பாட்டிலில் 900 முதல் 950 பிஎஸ்ஐ பிரஷர். பாட்டில் 20 டிகிரியில் இருந்தால் 750 பக்கம்தான் காட்டும். மார்கழி விடிகாலையில் மதுரை என்ன பாலைவனமா? அப்புறம், ஒரு தடவை அடித்தாலே உள்ளே திரவம் ஆவியாகிப் பாட்டில் குளிர்ந்துவிடும், பிரஷர் இறங்கும். அடுத்த தடவைக்கு அதை ஏற்றத்தான் ஹீட்டர். பிரஷர் வந்ததும் தானாக அணைந்துவிடும். அதில் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது, கார்புரேட்டர் காலத்தில் வரவில்லை போல.

ஒத்தக்கடை கார்புரேட்டர்:
மார்கழி விடிகாலை! வருஷத்தில் நாலு வாரத்துக்காக ஹீட்டர் வாங்கும் ஒரே ஆள் நீதான் தம்பி. மீதி மாசங்களில்? 36.4 டிகிரி. பதில் சொல்.

பாலியோ பாண்டி:
ஒரு சந்தேகம். சிட்டி எப்போது பெர்ஃபார்மன்ஸ் கார் ஆனது? ஃபியட் பாலியோ 1.6 ஓட்டியவனுக்குத்தான் தெரியும்.

விடெக்59:
106 குதிரை அண்ணே. உங்கள் பாலியோவுக்கு 100. கணக்கு தெரியும்தானே?

பாலியோ பாண்டி:
டார்க் என்று ஒன்று இருக்கிறது, இழுவை அதில்தான்.

கோவை கிளட்ச்:
ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. பாட்டில் சூடானால் என்ன ஆகும் என்று யாராவது சொன்னீங்களா? 36 டிகிரி வரைக்கும் பிரஷர் ஏற ஏற நைட்ரஸ் அதிகமாகப் போகும். பெட்ரோல் வரும் துளை, அதாவது ஜெட், அதே அளவுதான். கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் பத்தாது; கண்டபடி வெடித்து நாக்கிங் வரும், பிஸ்டன் உருகும். 36ஐத் தாண்டினால் கதை வேறு. பாட்டில் கொஞ்சம் காலியாகியிருந்தால் அடர்த்தி குறைந்துவிடும், அதே ஜெட் வழியாகக் கம்மி நைட்ரஸ்தான் போகும், கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் மிஞ்சும். வண்டி மந்தமாகும், ஆனால் இன்ஜின் பிழைக்கும்.

போதாததற்கு இப்போது பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டு வைத்த ஜெட்டை அப்படியே மாட்டினால் அதுவே ஒரு பக்கம் லீன். 50 குதிரைக்கு ஸ்பார்க் டைமிங்கை ஒரு 2 டிகிரி பின்னுக்கு இழுங்க, பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக மாத்துங்க. 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே நைட்ரஸைத் திறந்துவிடும் சாலினாய்டு வால்வு திறக்காதபடி விண்டோ சுவிட்ச் போடுங்க. எங்க ஊர் ரேஸ் டிராக், கரி ஸ்பீட்வேயில் இதெல்லாம் பாலபாடங்க.

ஒத்தக்கடை கார்புரேட்டர்:
"36ஐத் தாண்டினால் கதை வேறு." கோவைக்காரரே ஒத்துக்கொண்டார். நன்றி.

கோவை கிளட்ச்:
நான் எதையும் ஒத்துக்கலைங்க. நீங்கள் சொன்ன காரணம் வேறு, நான் சொன்னது வேறு.

ஒத்தக்கடை கார்புரேட்டர்:
எண் ஒன்றுதானே? அப்புறம் இந்தக் கரிப் பெருமையை எத்தனை வருஷம் பேசுவீர்கள்? செட்டிபாளையத்தில் டிராக் இருக்கிறது, சரி. அதனால் கோவையில் ரேஷன் வாங்க வருகிறவர்கூடப் பந்தயக்காரர் ஆகிவிடுவாரா? நாங்கள் டிராக் இல்லாமல், அப்பன் காசு இல்லாமல், வில்லாபுரத்துப் பட்டறையில் கை எரிந்து கற்றுக்கொண்டவர்கள்.

நீல சிலிண்டர்:
ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறேன். இந்த வாயுவோடுதான் என் பிழைப்பு. ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. உள்ளே திரவம் இருக்கும் வரை அழுத்தம் காட்டும் கேஜ் கிட்டத்தட்ட ஒரே அளவைத்தான் காட்டும். பாதி இருக்கிறதா, கால்வாசி இருக்கிறதா என்பது எடை போட்டால்தான் தெரியும். 10 பவுண்டு பாட்டில் என்றால் உள்ளே நாலரைக் கிலோ, அதற்கு மேல் ஒரு கிராம்கூட அடைக்கக் கூடாது. நிரம்பி வழிய அடைத்ததை வெயிலில் வைத்தால் அழுத்தம் செங்குத்தாக ஏறும். பாதுகாப்புத் தகடு கிழிந்தால் டிக்கி முழுக்க வாயு.

பாலியோ பாண்டி:
சார், உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ரீஃபில் கிடைக்குமா? தெரிந்தவர் விலையில்?

நீல சிலிண்டர்:
இதைக் கேட்பதற்கு வெட்கமாக இல்லையா? அது மயக்க மருந்து. கார்களுக்கு விற்பதில் யாரும் முகர்ந்து பார்க்கக் கூடாது என்றே கந்தக டை ஆக்சைடைச் சேர்க்கிறார்கள். எங்களுடையதில் அது கிடையாது. நோயாளிக்கு வைத்திருப்பதை ரிங் ரோட்டில் பீய்ச்ச நான் வழி சொல்ல மாட்டேன்.

பாலியோ பாண்டி:
விளையாட்டுக்குக் கேட்டேன் சார், இதற்கு ஏன் இவ்வளவு சூடு? உங்களுக்கும் 36.4 தாண்டிவிட்டதா?

ஆர்டிஓ வாசல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பிறகு 2019 திருத்தத்தில் வந்த 182ஏ. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வெளிநாட்டு சிலிண்டரை இறக்க, வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பான பெசோவின் அனுமதி தனி. 2001 மாடல் என்றால் 15 வருஷம் எப்போதோ முடிந்து, 5 வருஷத்துக்கு ஒரு முறை ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் காட்டியாக வேண்டும். இன்ஸ்பெக்டர் போனட்டைத் திறந்தால் நீல ஹோஸ் தெரியும்.

விடெக்59:
டிராக்கில் மட்டும்தான் அடிப்பேன். காட்டப் போகும்போது பாட்டிலைக் கழற்றிவிடுவேன்.

ஒத்தக்கடை கார்புரேட்டர்:
டிராக்கிலா? மதுரையிலிருந்து கோவைக்கு டிக்கியில் பாட்டிலோடு போவாய், ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் 36.4. அங்கே போய் இறங்கி ஹீட்டரைப் போடுவாய். நினைத்தாலே சிரிப்பு வருகிறது. ஈரச் சாக்கைச் சுற்று தம்பி, அதுதான் உனக்கு வேண்டிய கிட். ஒத்தக்கடையில் நாலு சாக்கு இலவசமாக வாங்கித் தருகிறேன்.

விடெக்59:
சாக்கு சுற்றச் சொல்கிறவர் அளவுக்கு நமக்கு அறிவு இல்லை. சூட்டில் பிரஷர் ஏறும் என்பதை நான் எங்கே மறுத்தேன்? குளிர்ந்தால் இறங்கும் என்பதற்குத்தான் ஹீட்டர் என்றேன். இரண்டுக்கும் ஒரே கேஜ்தான் அண்ணே. அதில் ஊசி இரண்டு பக்கமும் நகரும்.

ஒத்தக்கடை கார்புரேட்டர்:
பத்து மாசம் ஒரே பக்கம்தான் நகரும். 36.4.

கோவை கிளட்ச்:
எத்தனால் பற்றி ஒருத்தர்கூடப் பதில் சொல்லலையே? பழைய வண்டி ரப்பர் ஹோஸ், ஊறிப்போன பம்ப், அதில் போய் 50 குதிரை. ஹீட்டர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

ஒத்தக்கடை கார்புரேட்டர்:
எத்தனாலுக்குத் தனியாக ஒன்று ஆரம்பியுங்கள். இங்கே பேச்சு ஹீட்டர்.

விடெக்59:
பேச்சு ஹீட்டர் இல்லை, எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் உங்களிடம் வாங்கிய எக்ஸாஸ்ட் ஹெடரில், அதாவது இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், வெல்டிங் விட்டிருக்கிறது என்று நான் பொதுவில் எழுதினேன். அன்றிலிருந்து நான் எதை எழுதினாலும் அண்ணனுக்கு வெப்பநிலை ஏறுகிறது.

ஒத்தக்கடை கார்புரேட்டர்:
அந்த ஹெடரைக் கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்தது. நீ இன்ஜின் மவுண்ட் பிய்ந்த வண்டியில் மாட்டி ஆட்டி உடைத்தாய். போட்டோ என்னிடம் இருக்கிறது.

பாலியோ பாண்டி:
போடுங்கள் அண்ணே போட்டோவை.

விடெக்59:
போடட்டும். மவுண்ட் மாற்றிய தேதியோடு பில் என்னிடம் இருக்கிறது. ஹீட்டரும் ஆர்டர் போட்டாச்சு.

ஒத்தக்கடை கார்புரேட்டர்:
பில்லில் எந்த மவுண்ட் என்று எழுதியிருக்கிறதா பார். கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டை மாற்றிவிட்டு இன்ஜின் மவுண்ட் என்று சொல்கிற ஆள் நீ. இரு, போன் சார்ஜில் இருக்கிறது, போட்டோவோடு வருகிறேன்.