எலி நேரம், மாட்டு ஆண்டு: சீனக் காலக் கணக்கோடு எங்கள் அனுபவங்கள்

பெய்ஜிங் போய் வந்தவர்:

முரசுக் கோபுரத்தின் படிகள் செங்குத்தானவை. மூச்சு வாங்கத்தான் மேலே ஏறினேன். அங்கே தோல் கிழிந்த பழைய பெருமுரசு ஒன்று நிற்கிறது. 1900-இல் நகருக்குள் புகுந்த அந்நியப் படையினர் துப்பாக்கிக் கத்தியால் கிழித்ததாம். ஒருகாலத்தில் இங்கிருந்துதான் இரவு நேரத்தை ஊருக்கு அறிவித்தார்கள். மாலை ஏழு முதல் விடியற்காலை ஐந்து வரை ஐந்து சாமங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம்.

நாள் முழுவதற்கும் இப்படிப் பன்னிரண்டு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகத்தின் பெயர். முதலாவதான எலி நேரம் இரவு 11 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடிகிறது. நள்ளிரவு அதன் நடுவில் விழுகிறது. நண்பகல் குதிரை நேரத்தின் நடுவில். இதே பன்னிரண்டு குறிகள் திசைகளுக்கும் உண்டு. எலி வடக்கு, குதிரை தெற்கு. பெய்ஜிங் அரண்மனையின் தெற்கு வாயிலுக்குக் குதிரைக் குறியின் பெயர் வந்தது அதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த அரண்மனையின் பெரிய மண்டபத்தின் முன்னுள்ள சூரியக் கடிகாரம். சாய்த்து நிறுத்திய கல்வட்டு, நடுவில் ஊடுருவிய ஓர் உலோக ஊசி. கோடையில் நிழல் மேல்முகத்தில் விழும், குளிர்காலத்தில் அடிமுகத்தில். நான் போனது டிசம்பரில். எல்லோரும் மேலே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நேரம் காட்டிய பக்கத்தைக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

பினாங்கிலிருந்து:

எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி யாரிடமும் வயதைக் கேட்க மாட்டார். "என்ன மிருகம்?" என்பார். பிறந்த ஆண்டின் மிருகத்தைத்தான் கேட்கிறார்; ஒரே மிருகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பதில் வந்ததும் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் ஓடும்; கணக்கு முடிந்துவிடும். எதிரில் நிற்பவருக்கு முப்பத்தெட்டா ஐம்பதா என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியாதா என்ன!

என் தம்பி 1985 ஜனவரியில் பிறந்தவன். உணவகத்து மேசைத்தாளில் அச்சிட்டிருந்த பட்டியல் அவனை மாடு என்றது. பாட்டி ஒரே போடாக மறுத்துவிட்டார். அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு பிப்ரவரி 20-இல்தான் வந்தது. ஆகவே அவன் எலி. அதிலும் அறுபது ஆண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டில் பிறந்த எலி என்று அவனுக்குத் தனி மரியாதை.

மண், தீ போன்ற ஐந்து பொருள்களைக் குறிக்கும் பத்துக் குறிகளும் மிருகங்களின் பன்னிரண்டு குறிகளும் சேர்ந்து ஆண்டுக்குப் பெயராகும் என்றால் 120 ஜோடிகள் வர வேண்டாமா என்று பாட்டியிடம் கேட்டேன். விரலிலேயே காட்டினார். இரண்டு வரிசைகளும் ஆண்டுக்கு ஓர் அடியாகச் சேர்ந்தே நகர்கின்றன. அதனால் ஒற்றைப்படை ஒற்றைப்படையோடும், இரட்டைப்படை இரட்டைப்படையோடும் மட்டுமே சேரும். அறுபது முடிந்ததும் பழைய ஜோடியே திரும்பி வந்துவிடும்.

கொழும்பிலிருந்து:

தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்தையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகிறது. சீனப் பகுதியின் தேதியைப் படித்துச் சொல்லும்படி உடன் வந்த சீன நண்பரைக் கேட்டேன். "யொங்லே 7-ஆம் ஆண்டு, மண் மாட்டு ஆண்டு, இரண்டாம் மாதம்" என்றார். நாளுக்கும் அதே அறுபதிலிருந்து ஒரு பெயர். அதாவது 1409. மாட்டு ஆண்டு என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த நூற்றாண்டு என்று நாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்போம். அரசரின் ஆட்சியாண்டு பக்கத்தில் இருப்பதால் பிழைத்தோம். நம் ஆண்டுப் பெயர்களிலும் இதே தொல்லை உண்டு. அந்த நாள் நம் கணக்கில் சர்வதாரி ஆண்டு மாசி மாதம். சர்வதாரியும் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவதுதானே.

இரண்டு அறுபதுகளும் ஒன்றாகத் தொடங்குவதில்லை. சீனர்களுடையது கடைசியாகப் புதிதாகத் தொடங்கியது 1984-இல். நம் பிரபவ வந்தது 1987-இல். திபெத்தியர்கள் கெட்டிக்காரர்கள். மிருகப் பெயர்களைச் சீனர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, சுழற்சியின் தொடக்கத்தை மட்டும் பிரபவவோடு வைத்துக்கொண்டார்கள். 1987 அவர்களுக்கும் முதல் ஆண்டுதான், தீ முயல் ஆண்டு.