புதுப்பிப்பு: 2014 கதாபாத்திரத்தை 2024 விதிகளில் ஆடுவது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர மேசை விளையாட்டின் 2014, 2024 விதிநூல்களை (பிளேயர்ஸ் ஹேண்ட்புக்) ஒப்பிட்ட முந்தைய இழையில், பழைய கதாபாத்திரத்தை அப்படியே புது விதிகளில் ஆடலாம் என்று எழுதியிருந்தேன். அதில் "அப்படியே" தவறு.

பலரும் சறுக்குவது, வலிமை, அறிவு போன்ற திறன் மதிப்புகளில் கூட்டும் +2, +1 கணக்கில். 2014இல் அது கதாபாத்திரத்தின் இனத்தோடு (எல்ஃப், குள்ளர் போல) வந்தது. 2024இல் பின்னணியோடு (கதாபாத்திரத்தின் முந்தைய வாழ்க்கை) வருகிறது. பழைய இனத்தையும் புதுப் பின்னணியையும் சேர்த்தால் இரண்டு முறை கூடிவிடும். இனத்தின் கூட்டலை அடித்துவிடுங்கள்.

பாலடின் (புனித வீரர் வகுப்பு) ஆடுவோருக்குத்தான் பெரிய அடி. முன்பு தன் ஒரே முறையில் (டர்ன்) இரண்டு தாக்குதல் பட்டால் இரண்டிலும், கூடுதல் சேதம் தரும் டிவைன் ஸ்மைட் போடலாம். இப்போது அது மந்திரம், முறைக்கு ஒன்றே கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனும் வேண்டும். ஆக முறைக்கு ஒன்றுதான். மருந்துக் குப்பியைக் குடிக்கவும் அதே போனஸ் ஆக்‌ஷன்தான். குடித்தால் ஸ்மைட் கிடையாது! ஒலியை அடக்கும் சைலன்ஸ் மந்திரத்துக்குள் நின்றாலும் கிடையாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே.

களைப்பு விதி எனக்குப் புதியதே பிடிக்கிறது: களைப்பின் ஒவ்வொரு நிலைக்கும் டி20 (இருபது பக்கப் பகடை) உருட்டலில் 2 கழியும், வேகத்தில் 5 அடி குறையும். பழைய விதிபோல் அட்டவணையைப் புரட்ட வேண்டாம். ஆனால் பழைய விதியின் முதல் நிலை தாக்குதல் உருட்டலைத் தொடாது, புதியது தொடும். ஆறாம் நிலையில் சாவு, இரண்டிலும்.